உங்களுக்குத் தெரியுமா? கோலிக் அழுகை: மருந்தைவிட ஆள் முக்கியம்

விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கும். பால் குடித்தாயிற்று, ஈரத்துணி மாற்றியாயிற்று, ஏப்பமும் வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளை முகம் சிவக்க, கையை இறுக மூடி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓயாது. மருத்துவர்கள் ‘கோலிக்’ என்று சொல்லும் இந்த அழுகையின்போது தாயைச் சுற்றி அறிவுரைக்குப் பஞ்சம் இருக்காது. அவளுக்கு வேண்டியது சரியான தகவலும், பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கையும்.

மூன்று, மூன்று, மூன்று
நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். 1954-இல் இந்தக் கணக்கை வகுத்தவர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெஸல். 2016-இல் வந்த ‘ரோம் 4’ வரையறை, சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த மணிக்கணக்கு தேவையில்லை என்றது. 5 மாதத்துக்குள் தொடங்கி அதற்குள்ளேயே நின்றுவிடும், காரணம் புலப்படாத, தேற்றினாலும் அடங்காத அழுகை. காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, வளர்ச்சியில் குறைவில்லை. இவ்வளவு போதும். மணி பார்த்துக் குறித்து வைக்காவிட்டாலும் தாயின் சொல் செல்லும்.

உச்சம் ஆறாவது வாரம்
1962-இல் டி. பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்க மருத்துவர், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டே நாள்தோறும் குறிக்கச் செய்தார். ஆரோக்கியமான பிள்ளைகள்தாம். ஆறாவது வாரத்தில் அழுகை நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம்வரை ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. எல்லாக் குழந்தைகளும் ஏறி இறங்கும் மேடு அது. கோலிக் பிள்ளைக்கு அந்த மேடு கூடுதல் உயரம், அவ்வளவே.

குறைமாதப் பிள்ளைக்குக் கணக்கு வேறு
எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணக் கூடாது. மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து ஆறு வாரம் எண்ண வேண்டும். அழுகை அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். அழுகையின் ஏற்ற இறக்கம் மூளை, நரம்பு வளர்ச்சியோடு சேர்ந்தது என்று கருத இது ஒரு வலுவான காரணம்.

யாருக்கும் வரும்
ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கோலிக் வருகிறது. ஆண், பெண் வேறுபாடு இல்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும். ஆகவே கோலிக்குக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தினால் பிள்ளைக்கு நஷ்டம் மட்டுமே மிச்சம்.

‘பால் பத்தலை’ என்பது பெரும்பாலும் தவறு
அழுகை கேட்டதும் வீட்டில் விழும் முதல் தீர்ப்பு இது. பால் போதுகிறதா என்று அறிய அழுகையைப் பார்க்காதீர்கள், எடையையும் ஈரத்துணியையும் பாருங்கள். முதல் வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் எடை கூடினால் பால் போதுகிறது. கோலிக் பிள்ளைகள் எடை கூடுவதில் குறை வைப்பதில்லை. தேவையில்லாமல் பவுடர் பால் சேர்த்தால் பிள்ளை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் சுரப்பும் குறையும். அப்போதுதான் நிஜமாகவே பால் பத்தாமல் போகும்.

‘நீ என்ன சாப்பிட்டே?’
உருளைக்கிழங்கு, பருப்பு, வாழைக்காய் என்று பிள்ளைபெற்றவளின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் போக வழியே இல்லை. பால் சுரப்பது ரத்தத்தில் இருக்கும் சத்துகளிலிருந்து. ஆனால் தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலில் கலக்கும்; ஒரு சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமல் போகலாம். மலத்தில் ரத்தம், உடம்பில் கரப்பான், ஓயாத வாந்தி இருந்தால் மருத்துவர் சொல்லி இரண்டு வாரம் தாய் பசும்பாலை நிறுத்திப் பார்க்கலாம். மற்றபடி பாலூட்டுகிறவளைப் பட்டினி போடும் பத்தியத்தால் பிள்ளையின் அழுகை குறையாது.

வாயு காரணமா, விளைவா?
வயிறு உப்பலாக இருக்கும், காற்றுப் பிரியும். அதனால் வாயுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அழும்போது பிள்ளை நிறையக் காற்றை விழுங்குகிறது. வயிறு உப்புவதற்கு அந்த அழுகையே ஒரு காரணம். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுப்பது பிள்ளைக்குச் சுகம்தான். ஏப்பம் எடுத்தும் அழுகை நிற்கவில்லை என்றால் தட்டியவர் கையில் குறை இல்லை.

அழுகைக்கும் தாய்மொழி உண்டு
2009-இல் ஜெர்மனியின் கேத்லீன் வெர்ம்கே குழுவினர், பிறந்து சில நாளே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்தார்கள். பாதிப்பேர் பிரெஞ்சு வீடுகளில் பிறந்தவர்கள், பாதிப்பேர் ஜெர்மன் வீடுகளில். பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை தாழ்ந்து தொடங்கி மேலே ஏறியது. ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை உயர்ந்து தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அப்படியே. வயிற்றுக்குள் இருந்தபோதே அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிய பிள்ளை அது. அழும் நேரத்தில் அம்மா காதோரம் பேசிக்கொண்டே இருப்பது வீண் போகாது.

தூக்கியே வளர்த்தாலும் அழும்
ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் குங் சான் மக்கள் குழந்தையை நாள் முழுதும் உடம்போடு கட்டிச் சுமப்பார்கள். முனகியவுடன் பால் கொடுப்பார்கள். ரொனால்ட் பார் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் குழந்தைகளும் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் அழுகிறார்கள். மேலைநாட்டுப் பிள்ளைகள் அழும் அளவுக்கே அடிக்கடி அழுகிறார்கள். ஒவ்வொரு அழுகையும் நீடிக்கும் நேரம்தான் அங்கே வெகுவாகக் குறைவு. ‘தூக்கித் தூக்கியே கெடுத்துட்டே’ என்று இனி யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக் கெடுக்க முடியாது.

ஐந்து நிமிட நடை, எட்டு நிமிட மடி
ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபடியே தாய்மாரை நடக்க வைத்தார்கள். முடிவு 2022-இல் வெளிவந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, நின்று திரும்பாமல் ஒரே சீராக ஐந்து நிமிடம் நடந்தால் அழுகை அடங்குகிறது. பாதிப் பிள்ளைகள் தூங்கியே விடுகின்றன. உடனே கீழே கிடத்தினால் விழித்துக்கொள்கின்றன. முதுகு பாயில் படும் நொடிக்கு முன்பே, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே துடிப்பு எகிறுகிறது. ஆகவே பிள்ளை கண் அயர்ந்தபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்துங்கள். இன்று மாலையே முயன்று பார்க்கலாம், செலவில்லை.

தூளி நல்லது, கண் பார்வையில் இருந்தால்
தூளியின் சீரான ஆட்டம் பிள்ளையை அமைதிப்படுத்தும். கவனிக்க வேண்டியது கழுத்து. சேலை ஆழமாகத் தொங்கி, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும். பிள்ளையின் முகம் வெளியில் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தூங்கியதும் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. குப்புறக் கிடத்தினால் வயிற்றுக்கு இதம் என்று தூக்கத்தில் குப்புறப் போடவே கூடாது.

‘உஷ்’ சத்தத்தின் சக்தி
1990-இல் லண்டனில் பிறந்த குழந்தைகள் 40 பேரை வைத்து ஒரு சோதனை. மழை இரைச்சல் போன்ற ஒரே சீரான ஒலி கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். ஒலி இல்லாத 20 பேரில் 5 பேர் மட்டுமே. மின்விசிறி இரைச்சலே போதும். கைப்பேசியில் ஒலிக்க விடுவதானால் தலைமாட்டில் வைக்காதீர்கள். இதற்கென விற்கும் கருவிகளைச் சோதித்த 2014 ஆய்வு, சில கருவிகள் அருகில் வைத்தால் 85 டெசிபலையும் தாண்டுவதாகக் கண்டது. பிள்ளையிடமிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, தாழ்ந்த ஒலியில் இருக்கட்டும்.

துணியில் சுற்றும்போது கால் மடங்கட்டும்
கைகளை அணைத்துத் துணியில் சுற்றினால் பல பிள்ளைகள் சாந்தமாகும். காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். ஜப்பானில் 1975-இல் இதை எதிர்த்து நாடு முழுதும் பிரசாரம் செய்தபின் குழந்தைகளுக்கு இடுப்பு விலகுவது வெகுவாகக் குறைந்தது. புரள முயலும் வயது வந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

கிரைப் வாட்டரின் பிறப்பு
1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே 3.6 சதவீதம் சாராயம். சாராயம் பின்னாளில் நீக்கப்பட்டது. இன்று கடையில் கிடைப்பவற்றில் அது இல்லை. ஆனாலும் கிரைப் வாட்டர் கோலிக்கை அடக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இதுவரை இல்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தூங்க வைத்த மார்பின்
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1849-இல் சந்தைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ அழுகிற பிள்ளையைச் சட்டென்று அடக்கியது. உள்ளே இருந்தது மார்பின். தூங்கிய பிள்ளைகளில் சிலர் எழுந்திருக்கவே இல்லை. 1906-இல் வந்த உணவு, மருந்துச் சட்டம் புட்டியில் உள்ள அபாயப் பொருள்களைச் சீட்டில் எழுத வைத்தது. ‘கொடுத்ததும் கப்பென்று அடங்கிடும்’ என்று யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்தால், அதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

வேண்டவே வேண்டாத சொட்டு மருந்து
வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின், ஒரு காலத்தில் கோலிக்குக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழப்பு வந்த குழந்தைகளைப் பற்றி 1980-களில் செய்திகள் வரத் தொடங்கின. இன்று ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு அது கூடாத மருந்து. கடைக்காரரிடம் ‘வயித்துவலிக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

ஓரளவு பலன் தந்த ஒன்று
வாயுவுக்கென்று பரவலாக எழுதித்தரும் சிமெதிகோன், சோதனைகளில் வெறும் தண்ணீர் மருந்தைவிட மேலாக நிற்கவில்லை. லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்ற நல்ல பாக்டீரியாச் சொட்டு மருந்துக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. நான்கு ஆய்வுகளின் 345 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2018 அலசலில், தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளின் அழுகை குறைந்தது. புட்டிப்பால் பிள்ளைகளுக்கு அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் தரலாம்.

உரை மருந்தும் வசம்பும்
உரைகல்லில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு இழைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால் எத்தனை இழை இழைத்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் அளக்க முடியாது. ஜாதிக்காய் அளவு மிஞ்சினால் மயக்கம் தரும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கியதால், 1968-இலேயே அமெரிக்கா உணவில் வசம்பைத் தடை செய்தது. கையில் கட்டும் வசம்பு வளையலை வாயில் வைத்துக் கடித்து, துண்டு தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. பாட்டியின் கை வேண்டும். அந்தக் கை பிள்ளையின் வயிற்றை வலஞ்சுழியாக மெல்ல நீவிக் கொடுக்கட்டும்.

உரம், தொக்கம்
‘உரம் விழுந்திருக்கு’ என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், ‘தொக்கம் எடுக்கிறேன்’ என்று தொண்டைக்குள் விரல் விடுவதும், குழல் வைத்து உறிஞ்சுவதும் இன்றும் நடக்கின்றன. கழுத்து நிற்காத பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்து. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா உண்டாக்கும். தேனை ஒரு வயதுவரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பொட்டுலிசம் என்ற நரம்பு நோயை உண்டாக்கும் கிருமி விதைகள் அதில் இருக்கலாம்.

கால் விரலைப் பாருங்கள்
பிரசவத்துக்குப் பின் தாய்க்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை சாக்ஸுக்குள்ளோ துணி மடிப்பிலோ புகுந்து, பிள்ளையின் கால் விரலைச் சுற்றி இறுகிக்கொள்ளும். விரல் சிவந்து வீங்கும். வீக்கத்துக்குள் முடி கண்ணுக்கே தெரியாது. பிள்ளை துடித்து அழும். நேரம் போனால் விரலுக்கு ரத்தம் போகாது. அழுகை அடங்காதபோது உடுப்பு முழுவதையும் கழற்றி, பத்துக் கால் விரல், பத்துக் கை விரல், பிறப்புறுப்பு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். அரைஞாண் கயிறும் கைக்கயிறும் இறுகியிருக்கின்றனவா, தொடை இடுக்கில் புடைப்பு உண்டா என்றும் பாருங்கள்.

எப்போது ஓட வேண்டும்?
கனடாவின் டொரான்டோவில், காய்ச்சல் இல்லாமல் அழுகைக்காக மட்டும் அவசரப் பிரிவுக்கு வந்த 237 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். 12 பேருக்குத்தான் கடுமையான நோய் இருந்தது. அந்தச் சிலரைத் தவறவிடக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது, மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அழுகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது இரவானாலும் உடனே மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு 108.

ஒருபோதும் உலுக்காதீர்கள்
பிள்ளையைப் பிடித்து வேகமாக உலுக்கினால் மூளையிலும் கண்ணிலும் ரத்தம் கசியும் என்று 1970-களின் தொடக்கத்தில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜான் காஃபி என்ற அமெரிக்க மருத்துவர். இதற்குப் பெரும்பாலும் தூண்டுதல் ஓயாத அழுகையே. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன் பெற்றோர் இருவருக்கும் இதை விளக்கிச் சொன்னார்கள். உலுக்கியதால் வரும் தலைக்காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-இல் அறிவித்தார்கள். கோபம் தலைக்கேறினால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். பத்து நிமிடம் தனியே அழுவதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. அப்படி எழுந்து போகிற தாய் பிள்ளையைக் காப்பாற்றுகிறாள்.

ஒற்றைத் தலைவலியோடு உறவு
மைக்ரேன் உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கோலிக் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகம் என்கிறது 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மறு ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வில், மைக்ரேன் உள்ள சிறுவர்களில் 100-க்கு 73 பேர் கைக்குழந்தையாக இருந்தபோது கோலிக்கால் அழுதவர்கள். மற்றவர்களில் 27 பேர் மட்டுமே. கோலிக்கின் வேர் வயிற்றில் மட்டும் இல்லை, நரம்புகளிலும் இருக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெறுகிறது.

தாயின் மனசையும் கேளுங்கள்
தூக்கமில்லாத இரவுகளும் அடங்காத அழுகையும் தாயின் மனச்சோர்வைக் கூட்டும். 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட படிவம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பிள்ளையின் தடுப்பூசிக்குப் போகும்போதே தாயைப் பற்றியும் பேசிவிடலாம். ‘எதிலும் பிடிப்பில்லை’, ‘செத்துப் போயிடலாம் போல இருக்கு’ என்று அவள் சொன்னால் அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

இது முடியும்
28 ஆய்வுகளில் பதிவான 8,690 குழந்தைகளின் அழுகைக் குறிப்புகளை 2017-இல் ஒன்றுசேர்த்தார்கள். முதல் ஆறு வாரத்தில் சராசரியாக நாளுக்கு இரண்டு மணி நேரம் இருந்த அழுகை, 10 முதல் 12 வாரத்துக்குள் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடமாகக் குறைந்தது. அந்த வயதில் கோலிக் நீடித்தவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் இது தானாக நிற்கும்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு
பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போவதோடு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை இருந்துவிட்டு வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு நடங்கள். தாய் குளிக்கட்டும், சூடாக ஒரு வாய் சாப்பிடட்டும், அரை மணி கண்ணை மூடட்டும். கணவர்மாரே, இரவு ஒரு முறை உங்கள் முறை என்று நீங்களே எழுந்திருங்கள். மாமியார்களே, ‘எங்க காலத்துல’ என்பதை விட்டுவிட்டு ‘நான் வச்சுக்கிறேன், நீ படு’ என்று சொல்லுங்கள். கோலிக்குக்கு இதுவரை தெரிந்த வைத்தியங்களில் பக்கவிளைவே இல்லாதது இந்த ஒன்றுதான்.